பெடல் இருந்தால் சைக்கிள் ஆகுமா?

சேலை ஒப்படைக்கும் நாளன்று காலையில் சேவூரில் நமது சங்கத் தாழ்வாரத்தில் நின்று பார்ப்போமாயின், இவ்வூரின் ஐம்பது ஆண்டுப் போக்குவரத்து வரலாறு ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். முதியவர்களின் கறுப்புச் சைக்கிள்கள் முதலில் நிற்கும். அவற்றை அடுத்துப் பாவும் ஊடையும் மூட்டையாகக் கட்டிவரும் மொபெட்டுகள். அவற்றுக்கப்பால் பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்துடன் மின்சார ஸ்கூட்டர் ஒன்றிரண்டு. கடைசியில், பார்வைக்குச் சைக்கிள் போலவே தோன்றி, பின்சக்கரத்தின் குடத்தில் கனத்த உருளையொன்றும் சட்டத்தின் நடுவே கறுப்புப் பெட்டியொன்றும் பொருத்தப்பெற்ற புதுவகை வண்டிகள். இவை சென்ற சில ஆண்டுகளில் நம்மிடையே பெருகி வருகின்றன. குழித்தறியில் முப்பது ஆண்டு மிதித்து முழங்கால் தேய்ந்த நெசவாளருக்கும், விடியுமுன் பால் எடுத்துச் செல்லும் விவசாயிக்கும் இவை பெருந்துணை என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் இவற்றைப் பற்றி அங்கத்தினர் பலர் கொண்டிருக்கும் எண்ணம் பிழையானது. “பெடல் இருக்கிறதே, ஆகவே இது சைக்கிள்தான், லைசென்ஸ் எதற்கு, நம்பர் எதற்கு?” என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை எழுதும் அவசியம் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு விபத்தினால் நமக்கு ஏற்பட்டது.

நமது அங்கத்தினரான நெசவாளர் ஒருவர், கால்வலி காரணமாகத் தம் பழைய சைக்கிளுக்கு வெளியூர்க் கடையொன்றில் மின்மோட்டார் பூட்டிக்கொண்டார். 500 வாட் மோட்டார். கைப்பிடியை முறுக்கினால் மிதிக்காமலே ஓடும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வரை போகும் என்று கடைக்காரர் பெருமையாகக் கூறினாராம். ஒரு மாலையில் அவருடைய பதினைந்து வயது மகன் நூல்தார் கொடுத்துவர அவ்வண்டியை எடுத்துச் சென்றான். ஏரிக்கரைத் திருப்பத்தில், புல்லுக்கட்டுடன் எதிரே வந்த மூதாட்டி ஒருவர் மீது மோதினான். அம்மையாருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவர் நிலக்கடலை பயிரிடும் மற்றோர் அங்கத்தினரின் தாயார். ஆக, மோதியவரும் மோதப்பட்டவரும் நமது சங்கத்துக் குடும்பங்களே.

காவல் நிலையத்தில் கேட்கப்பட்ட முதற் கேள்வி, “வண்டி நம்பர் என்ன?” என்பது. நம்பர் இல்லை. இரண்டாவது கேள்வி, “இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?” அதுவும் இல்லை. மூன்றாவது கேள்வி ஓட்டியவனின் வயது. அதைச் சொல்லும்போது தந்தையின் முகத்தை நாம் அருகிலிருந்து பார்த்தோம். வழக்கு நடந்து வருவதால் அதைப்பற்றி மேலும் எழுதுவது முறையன்று. ஆஸ்பத்திரிச் செலவுக்காக அந்நெசவாளர் தம் சிக்கனச் சேமிப்பு முழுவதையும் எடுத்ததோடு, மனைவியின் நகையையும் அடகு வைத்தார் என்பதை மட்டும் அறிவிக்கிறோம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம்.

1989 ஜூலை முதல் தேதி முதல் நடைமுறையிலுள்ள 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் சாலையில் ஓடத்தக்க எவ்வாகனத்தையும் மோட்டார் வாகனம் என்றே கொள்கிறது. நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினும் உடைய வண்டிக்கு மாத்திரம் விலக்கு உண்டு. சைக்கிளில் பூட்டவென்று தபாலில் வரவழைக்கப்படும் பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 50, 80 கன சென்டிமீட்டர் அளவின. அவற்றைப் பூட்டிய கணமே உங்கள் சைக்கிள் சட்டத்தின் கண்ணில் மோட்டார் சைக்கிளாகிவிடுகிறது. ஹாண்டில்பாரும் மணியும் பெடலும் பழையபடி இருப்பதால் ஒன்றும் மாறுவதில்லை.

மின்சார வண்டிக்கு வேறு அளவுகோல் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘பாட்டரியால் இயங்கும் வாகனம்’ என்பதற்கான விளக்கத்திலேயே விலக்கும் கூறப்பட்டுள்ளது. மோட்டாரின் முப்பது நிமிடச் சக்தி 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்கு, குறைவாக இருத்தல் வேண்டும். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். மிதிக்கையில் துணைசெய்யும் மோட்டார் உடைய சைக்கிளாயின், வேகம் ஏற ஏற மோட்டாரின் உதவி குறைந்துகொண்டே வந்து, 25 கிலோமீட்டரை எட்டியதும் முற்றிலும் நின்றுவிட வேண்டும். ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்னரே நின்றுவிட வேண்டும். தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என ஒளியைத் திருப்பிக் காட்டும் கண்ணாடிகளும் அதற்கு அவசியம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு நிபந்தனை உள்ளது. நம்மவர் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதையே. மேற்கூறிய தகுதிகள் இருக்கின்றன என்பதை அரசாங்கம் குறிப்பிட்டுள்ள சோதனை நிலையங்களில் ஒன்று பரிசோதித்துச் சான்றளித்திருக்க வேண்டும். புனேயிலும் மானேசரிலும் அத்தகைய நிலையங்கள் உள்ளன. நமக்கு அருகில், சென்னையை அடுத்த ஓரகடத்திலும் ஒன்றுண்டு. கம்பெனி தன் மாதிரி வண்டியை அங்கே அனுப்பிச் சான்று பெறுகிறது; அம்மாதிரியில் தயாராகும் வண்டிகளுக்கெல்லாம் அச்சான்று பொருந்தும். இதிலிருந்து தெளிவாவது யாதெனின், வீட்டில் இருந்த சைக்கிளுக்குக் கடையில் மோட்டார் பூட்டினால், அது 250 வாட்டுக்குட்பட்டதே ஆயினும், விதியின் சொற்படி பார்க்குமிடத்து விலக்குக்குரிய சான்று அதற்கு இல்லை. 500 வாட் மோட்டாரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

முப்பது நிமிடச் சக்தி என்றால் என்ன என்று சிலர் கேட்டனர். மேட்டில் ஏறும்போது ஒரு கணம் காட்டும் வேகத்தை வைத்து மோட்டாரை அளப்பதில்லை. ஓய்வின்றி அரைமணி நேரம் தாங்கித் தரக்கூடிய சக்தியே கணக்கு. ஒரு குதிரைச் சக்தி 746 வாட் ஆதலால், 250 வாட் என்பது மூன்றில் ஒரு பங்கு குதிரை. சாதாரணமாகச் சைக்கிள் மிதிப்பவர் தொடர்ந்து தரும் சக்தி ஏறக்குறைய 75 முதல் 100 வாட் வரை இருக்கும். ஆகவே சட்டம் அனுமதிப்பது, கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று ஆட்கள் உங்களோடு சேர்ந்து மிதிப்பதற்கு ஒப்பானது. நம் காலுக்கு இது போதாதா? போதும் என்பதே நமது அபிப்பிராயம். வேகம் 25 கிலோமீட்டரிலிருந்து 40 ஆகும்போது மோதலில் பாயும் ஆற்றல் இரண்டரை மடங்குக்கு மேலாகிறது. அம்மூதாட்டியின் தொடை எலும்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இக்கணக்கு நம் நினைவுக்கு வருகிறது.

பெடல் இல்லாத சிறு மின்சார ஸ்கூட்டரும் மேற்சொன்ன சக்தி, வேகம், சான்று ஆகிய மூன்றும் பொருந்தினால் விலக்குப் பெறுகிறது. பெடல் உள்ள வண்டி அவை பொருந்தாவிடில் விலக்கை இழக்கிறது. ஆகவே பெடல் எதற்கும் சாட்சியாகாது. “லைசென்ஸ் வேண்டாம்” என்று கடைவாசலில் எழுதித் தொங்கவிட்டிருப்பதும் சாட்சியாகாது. சான்று பெற்ற வண்டியையே விற்றுவிட்டு, “ஒரு கம்பியைக் கழற்றினால் இன்னும் வேகமாகப் போகும்” என்று வாங்குபவரின் காதில் ஓதும் கடைக்காரரும் உளர். அக்கம்பியைக் கழற்றிய பின் உங்களிடம் இருப்பது சான்று பெற்ற வண்டியன்று.

விலக்கை இழந்த வண்டி பதிவில்லாத மோட்டார் வாகனமாகிறது. அதை ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அதற்கு வயது பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உடைய வண்டிக்கு மட்டும் பதினாறு போதும். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அபராதங்களை மிகவும் உயர்த்தியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபர் முதல் வசூலாகின்றன. லைசென்ஸ் இன்றி ஓட்டினால் 5,000 ரூபாய். தலைக்கவசம் இன்றேல் 1,000 ரூபாய். இவற்றைவிடக் கடுமையானது சிறுவர்களைப் பற்றிய பிரிவு. வயது வராதவன் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவன் பாதுகாவலரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளியாகக் கருதப்படுவர்; மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அச்சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தம்மால் இயன்றதெல்லாம் செய்ததாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. கூடத்திலேயே சாவி தொங்கும் நம் வீடுகளில் இதை எப்படி மெய்ப்பிப்பது?

அபராதத்தை ஒருவர் கட்டிவிடலாம். நஷ்டஈடு அப்படிப்பட்டதன்று. விபத்தில் அடிபட்டவர் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தால், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்குமாயின் கம்பெனி கொடுக்கும். இல்லையேல் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்காவிடில் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பலாம். கலெக்டர் அத்தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார். நிலவரி பாக்கி என்றால் என்னவென்று நம் விவசாய அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இருபதாயிரம் முப்பதாயிரம் ரூபாயில் வாங்கிய ஒரு சாமான், பரம்பரையாக வந்த கழனியின் மீது கடனாக ஏறக்கூடும்.

“நாங்கள் பெருஞ்சாலைக்கே போவதில்லை, ஏரிக்கரையிலும் தெருவிலும்தான் ஓட்டுகிறோம்” என்பார் உண்டு. சட்டம் ‘பொது இடம்’ என்பதைப் பெருஞ்சாலையோடு நிறுத்தவில்லை. பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள சாலை, தெரு, பாதை, மற்றெவ்விடமும் பொது இடமே. ஏரிக்கரைப் பாதையும், சந்தைத் திடலும், கமண்டல நாகநதியை நோக்கி இறங்கும் வண்டித்தடமும் இதில் அடங்கும். வேலியிட்ட உங்கள் சொந்தத் தோட்டத்துக்குள் எதை ஓட்டினாலும் கேட்பாரில்லை. நடைமேடையும் சைக்கிள் பாதையும் உள்ள நகரங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நலம்: சைக்கிளுக்கென ஒதுக்கிய பாதையில் மோட்டார் வாகனம் செல்லலாகாது. சான்று பெற்ற மின்சைக்கிள் மோட்டார் வாகனமன்று என்பதால் அதற்கு இத்தடை இல்லை. நடைமேடை நடப்பவர்க்கே உரியது. அதில் எவ்வண்டியும் ஏறாதிருப்பதே நியாயம்.

இந்த வழக்கு நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. மூத்த அங்கத்தினர்களுக்குச் சைக்கிள் பில்லையும் மண்ணெண்ணெய் விளக்கும் நினைவிருக்கும். விளக்கின்றி இருவராக வந்தால் போலீஸ்காரர் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவார். வீடு வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். 1980-களில் நமக்கு அருகிலுள்ள இராணிப்பேட்டையில் என்பீல்டு கம்பெனியார் ‘மோபா’ என்றொரு சிறு வண்டி தயாரித்தனர். அதன் எஞ்சின் 22 கன சென்டிமீட்டர். சட்டத்தின் எல்லைக்குள் அடங்குவதற்கென்றே அவ்வளவு சிறிதாகச் செய்யப்பட்டது. பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. மோட்டார் பூட்டிய மிதிவண்டி என்பதற்கான அந்நாட்டுச் சொல்லின் சுருக்கம் அது. அந்நாட்டில் இன்றும் மோபா வண்டிக்கு எல்லை மணிக்கு 25 கிலோமீட்டரே. பதினைந்து வயதில் ஓட்டலாம். ஆனால் தேர்வுச் சான்றும் இன்ஷூரன்ஸ் தகடும் வேண்டும். நம்மவர் மோபாவை அவ்வளவாக விரும்பவில்லை. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 இரண்டு ஆளையும் ஒரு மூட்டையையும் இழுத்ததால் அதையே வாங்கினார்கள், லைசென்ஸும் எடுத்தார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? இராணிப்பேட்டையிலேயே 2021 நவம்பரில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையொன்று திறக்கப்பட்டதையும் இங்கே குறிப்பிடலாம்.

சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலைசெய்து திரும்பிய நம் ஊர் இளைஞர் ஒருவர் அந்நாட்டு முறையை நமக்கு விவரித்தார். அங்கேயும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்பதே அளவு. மிதித்தால் மட்டுமே மோட்டார் ஓடவேண்டும். கைப்பிடியை முறுக்கி ஓட்டுவது கூடாது. வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேற்படலாகாது. போக்குவரத்து ஆணையத்தின் முத்திரையும் நம்பர் தகடும் அவசியம். ஓட்டுபவருக்குப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். நடைமேடையில் ஏற்றினால் தண்டனை. “அங்கே அவ்வளவு பயந்து ஓட்டினோம், ஐயா, இங்கே வந்ததும் மறந்துவிட்டோம்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சைனாவிலும் 2019 ஏப்ரல் முதல் 25 கிலோமீட்டர் எல்லை கட்டாயமாயிற்று. பல தேசத்தாரும் ஏறக்குறைய ஓர் எண்ணில் வந்து நிற்பது தற்செயலன்று. நல்ல சைக்கிள்காரர் தம் கால்பலத்தால் சமதரையில் போகும் வேகம் அது.

நெசவாளர் வீட்டுக்கென்று தனியே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டிலிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, அப்புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய தீ விபத்துகள் நிகழ்ந்தபின், மின்சார இருசக்கர வாகனங்களின் பாட்டரிகளுக்குரிய சோதனைகள் 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டன. கடைக்காரர் தாமே செல்களைச் சேர்த்துக் கட்டித்தரும் பாட்டரி அச்சோதனை எதையும் கண்டதன்று. நம் வீடுகளிலோ தறி மரம், பாவு பட்டு, கூரைவரை நூல். பல வீடுகளில் தறிக்கூடமே படுக்கையறை. ஆகவே பாட்டரியைத் தறிக்கூடத்தில் வைத்துச் சார்ஜ் செய்யவே கூடாது. திண்ணையிலோ முற்றத்திலோ, ஆள் விழித்திருக்கும் வேளையில், வண்டியோடு வந்த சார்ஜரைக் கொண்டே செய்ய வேண்டும். இரவு முழுவதும் செருகி வைக்க அவசியமுமில்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பாட்டரி நிறைவதற்கு அரை யூனிட் மின்சாரம்கூட வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

எந்த வண்டியை வாங்குவது என்று கேட்பவர்க்கு நாம் சொல்வது இது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் சங்கத்துக்கும் கடைக்கும் போய்வர, மிதிக்கத் துணைசெய்யும் சான்று பெற்ற மின்சைக்கிள் நல்லது. கால் முற்றிலும் ஓய்ந்துவிடாமலும் இருக்கும். பால் கேன்களும் உரமூட்டையும் ஏற்றவோ, ஆரணி தாண்டி ஓடவோ வேண்டுமெனில், பதிவும் இன்ஷூரன்ஸும் உள்ள மொபெட்டோ மின்சார ஸ்கூட்டரோ வாங்குவதே சரி. சைக்கிள் சட்டமும் சைக்கிள் பிரேக்கும் அப்பாரத்துக்குச் செய்யப்பட்டவையல்ல. பாட்டரி வண்டிகளுக்குப் பதிவுச் சான்றிதழ்க் கட்டணம் 2021 ஆகஸ்ட் முதல் நீக்கப்பட்டுள்ளது. பூட்டிய சைக்கிளையே பதிவுசெய்து கொள்ளலாமே என்றால், ஒப்புதல் பெறாத மாதிரிக்குப் பதிவு கிடைப்பதில்லை. வாங்கும்போது சோதனை நிலையத்தின் சான்று நகலைக் கேளுங்கள். அதிலுள்ள மாதிரியின் பெயரும், வண்டியில் பொறித்துள்ள பெயரும், ரசீதில் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நகலைத் தரத் தயங்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம். சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும் தலைக்கவசம் அணியுங்கள். மாலையில் விளக்கின்றிப் போகாதீர்கள்.

வாகனக் கடன் கோரும் விண்ணப்பத்துடன் மேற்படி சான்று நகலோ, பதிவுக்குரிய பத்திரங்களோ இணைக்கப்பட வேண்டும் என்று நமது நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. இது அங்கத்தினர்க்குத் தொல்லை தருவதற்கன்று. ஏற்கெனவே மோட்டார் பூட்டிய சைக்கிள் வைத்திருப்போர், சங்க அலுவலகத்துக்கு அதைக் கொண்டுவந்து காட்டினால், மோட்டாரின் தகட்டைப் படித்து அதன் நிலையைக் கூற ஏற்பாடு செய்திருக்கிறோம். பெயரை எழுதிக்கொள்ள மாட்டோம். முதல் வாரத்தில் பதினொரு வண்டிகள் வந்தன. சான்று நகல் இரண்டுக்குத்தான் இருந்தது.

அம்மூதாட்டி இப்போது கைத்தடியுடன் தெரு வரை வருகிறார். நெசவாளரின் சைக்கிளிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். சேலை ஒப்படைக்கும் நாட்களில் அவர் அதைத் தள்ளிக்கொண்டு, சேலைப்பெட்டியைப் பின்பலகையில் கட்டி, நடந்தே சங்கத்துக்கு வருகிறார்.